மழலையர் பள்ளியும் பெற்றோரும்: இணைந்து செயல்படுவது நடைமுறையில் எப்படி?

இரண்டரை வயது மகளை விரைவில் மழலையர் பள்ளியில் சேர்க்கவிருக்கும் ஒரு தாய் இரண்டு கேள்விகளை எழுப்பியிருக்கிறார். குழந்தையின் கற்றலில் பெற்றோருடன் இணைந்து செயல்படுவதாக ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளும் சொல்லிக்கொள்கின்றன. நடைமுறையில் அவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்பது முதல் கேள்வி. கணவன், மனைவி இருவருமே வேலைக்குச் செல்லும் வீட்டில், மாலையில் குழந்தைக்குத் தனியாகப் பாடம் சொல்லித் தர வேண்டியிருக்குமா என்பது இரண்டாவது. இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: வேண்டியதில்லை. அந்த வயதில் வீட்டுப்பாடம் கேட்கும் பள்ளியாக இருந்தால், சேர்ப்பதற்கு முன் இன்னொரு முறை யோசிப்பது நல்லது. முதல் கேள்விக்குத்தான் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. முன்பருவக் கல்வியில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

சுற்றறிக்கை அனுப்புவதும், பருவத்துக்கு ஒருமுறை கூட்டத்துக்கு அழைப்பதும், கைபேசிச் செயலியில் புகைப்படங்களைப் பதிவேற்றுவதும் தகவல் தெரிவிப்பது மட்டுமே. அவை தேவைதான், ஆனால் அவற்றில் செய்தி ஒரு பக்கமிருந்து மறுபக்கத்துக்கு மட்டுமே போகிறது. இணைந்து செயல்படுவதற்கு நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் எளிமையானது. பெற்றோர் இன்று சொன்ன ஏதேனும் ஒன்றால் நாளை வகுப்பறையில் ஏதேனும் ஒன்று மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆசிரியைக்குக் குழந்தை வளர்ச்சியைப் பற்றிப் பொதுவாகத் தெரியும். நூற்றுக்கணக்கான குழந்தைகளைப் பார்த்த அனுபவமும் இருக்கலாம். ஆனால் இந்த ஒரு குழந்தையைப் பிறந்த நாள் முதல் கவனித்தவர்கள் பெற்றோர்தாம். இந்த இரு வகை அறிவும் ஒன்றோடொன்று சேராத இடத்தில், குழந்தை வீட்டில் ஒருவராகவும் பள்ளியில் வேறொருவராகவும் இருந்துவிட்டுப் போகிறது. இரு பக்கத்தாரும் பாதிக் குழந்தையை மட்டுமே அறிந்திருக்கிறார்கள்.

நல்ல பள்ளியில் இந்தப் பரிமாற்றம் சேர்க்கை நாளுக்கு முன்பே தொடங்கிவிடும். விண்ணப்பப் படிவத்தில் ஒவ்வாமை, தடுப்பூசி, அவசரத் தொடர்பு எண் ஆகியவற்றைக் கேட்பது எல்லா இடத்திலும் நடப்பதுதான். அதற்கு மேல், வகுப்பாசிரியையே வீட்டுக்கு வந்தோ, பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்து உட்காரவைத்தோ, அரை மணி நேரமாவது பேசுகிறாரா என்பதைக் கவனியுங்கள். குழந்தை எப்படித் தூங்கும், விழித்ததும் யாரைத் தேடும், சிறுநீர் கழிக்க வேண்டுமென்றால் என்ன சொல் சொல்லும், அழுதால் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டுமா அல்லது சற்று நேரம் தனியே விட்டுவிட வேண்டுமா, எந்தச் சத்தத்துக்குப் பயப்படும், எந்தத் துணியையோ பொம்மையையோ விடாமல் பிடித்துக்கொள்ளும், வீட்டில் யார் யார் எந்த மொழியில் அதனோடு பேசுகிறார்கள் என்பவை அந்தப் பேச்சில் வர வேண்டிய செய்திகள். வீட்டில் மட்டும் புழங்கும் ஒரு சொல்லைக் குழந்தை பள்ளியில் திரும்பத் திரும்பச் சொல்லியும் யாருக்கும் விளங்காமல் போவது, இரண்டரை வயதில் எவ்வளவு பெரிய துன்பம் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அந்த ஒரு சொல் ஆசிரியைக்கு முன்னதாகவே தெரிந்திருந்தால் முதல் வாரத்தின் அழுகையில் பாதி குறைந்துவிடும்.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட நடைமுறையுமல்ல. 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் மரியா மாண்டிசோரி தொடங்கிய முதல் குழந்தைகள் இல்லம், அந்தக் குழந்தைகளின் குடும்பங்கள் குடியிருந்த அதே கட்டடத்திலேயே இருந்தது. தாய்மார்கள் வாரத்துக்கு ஒருமுறையேனும் பொறுப்பாசிரியையைச் சந்தித்துப் பேச வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. நூறாண்டுக்கு மேல் கடந்த பிறகு, அவருடைய கற்பித்தல் பொருள்களை விலைகொடுத்து வாங்கி அடுக்கும் பள்ளிகள் பல இருக்கின்றன. அந்த விதியை எடுத்துக்கொண்டவை குறைவு.

அடுத்து வருவது குழந்தை பள்ளிக்குப் பழகும் காலம். இதைப் பெரும்பாலோர் எப்படியாவது கடந்தாக வேண்டிய ஒரு தொல்லையாகவே நினைக்கிறார்கள். உண்மையில் பெற்றோரின் பங்கு மிகுதியாகத் தேவைப்படும் கட்டம் இதுதான். ஜெர்மனியில் 1980-களில் உருவாகி அங்கே பரவலாகக் கையாளப்படும் பெர்லின் முறையில், முதல் மூன்று நாள்களும் தாயோ தந்தையோ குழந்தையோடு சேர்ந்து வந்து, ஏறத்தாழ ஒரு மணி நேரம் வகுப்பறையில் இருந்துவிட்டு, குழந்தையை அழைத்துக்கொண்டே வீடு திரும்புவார். அந்த மூன்று நாள்களில் பிரித்துப் பார்க்கும் முயற்சி எதுவும் நடக்காது. பெற்றோர் ஒரு மூலையில் அமைதியாக உட்கார்ந்திருப்பார். குழந்தையை ‘போய் விளையாடு’ என்று தள்ளிவிட மாட்டார். அது திரும்பி வந்து மடியில் ஏறினால் ஏற்றுக்கொள்வார். ஆசிரியை விளையாட்டின் வழியே மெல்ல நெருங்குவார். நான்காம் நாளில்தான் பெற்றோர் விடைபெற்று அறையை விட்டு வெளியே செல்கிறார். அதுவும் அதிகம் போனால் அரை மணி நேரம். குழந்தை அழுது, ஆசிரியையின் அரவணைப்பில் சில நிமிடங்களுக்குள் ஆறுதல் அடைந்தால் அடுத்தடுத்த நாள்களில் நேரம் நீட்டிக்கப்படும். ஆறுதல் அடையாவிட்டால் பெற்றோர் திரும்ப அழைக்கப்படுவார். அடுத்த முயற்சி சில நாள்கள் தள்ளிப்போடப்படும். எத்தனை நாள் ஆகும் என்பதைக் காலண்டர் முடிவு செய்வதில்லை, குழந்தையின் எதிர்வினை முடிவு செய்கிறது.

கற்றலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தாய்க்கும் குழந்தைக்கும் இடையிலான பிணைப்பை ஆராய்ந்த ஜான் பௌல்பி, மேரி எய்ன்ஸ்வொர்த் ஆகியோரின் ஆய்வுகளுக்குப் பிறகு இத்துறையில் நன்கு ஏற்கப்பட்ட கருத்து ஒன்று உண்டு: நம்பிக்கைக்குரிய ஒருவர் அருகிலிருக்கிறார் என்ற உறுதி இருக்கும்போதுதான் சிறு குழந்தை சுற்றியுள்ளதை ஆராயத் துணிகிறது. கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை கட்டைகளை அடுக்காது. இதனால்தான் பல நாடுகளில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பொறுப்பாசிரியை என்ற ஏற்பாடு இருக்கிறது. இங்கிலாந்தில் அது சட்டப்படியான கடமை. டயப்பர் மாற்றுவது, தூங்கவைப்பது, சாப்பிடும்போது உடனிருப்பது ஆகியவற்றைக் கூடுமானவரை அந்த ஒருவரே செய்வார். பெற்றோரோடு பேசுவதும் அவரே. இந்த ஏற்பாட்டில் சில தாய்மாருக்கு உள்ளூர ஒரு வருத்தம் எழுவதுண்டு. குழந்தை மாலையில் ஆசிரியையின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தால், தன் இடம் பறிபோகிறதோ என்று தோன்றும். அப்படிப் போவதில்லை. வீட்டில் உறுதியான பிணைப்பு கொண்ட குழந்தையால்தான் வெளியிலும் ஒருவரோடு எளிதாக ஒட்ட முடிகிறது.

பிரியும் நேரத்தைப் பற்றி ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்வேன். குழந்தை விளையாட்டில் மூழ்கியிருக்கும்போது சொல்லாமல் நழுவிச் சென்றுவிடாதீர்கள். அன்றைக்கு அழுகை இல்லாமல் போகலாம். ஆனால் கண்ணை எடுத்தால் அம்மா காணாமல் போய்விடுவார் என்பதை அது கற்றுக்கொள்கிறது. மறுநாளிலிருந்து விளையாட்டில் மூழ்கவே அஞ்சும். ‘போய்விட்டுத் தூங்கி எழுந்ததும் வருகிறேன்’ என்று குழந்தைக்குப் புரியும் அடையாளத்தோடு சொல்லி, ஒருமுறை அணைத்து, பிறகு தயங்காமல் கிளம்புங்கள். வாசலில் நின்று மூன்று முறை திரும்பிப் பார்ப்பது உங்கள் மனத்துக்கு ஆறுதலாக இருக்கலாமே தவிர, குழந்தைக்கு அல்ல. பத்து நிமிடத்தில் ஆசிரியை ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் உங்களுக்கும் நிம்மதியாக இருக்கும். இதைத் தயங்காமல் கேட்டுப் பெறலாம்.

பழகிய பிறகு அன்றாடப் பரிமாற்றம் தொடங்குகிறது. காலையில் விடும்போதும் மாலையில் அழைக்கும்போதும் கிடைக்கும் இரண்டு மூன்று நிமிடங்கள் மிகுந்த மதிப்புள்ளவை. ‘இரவு சரியாகத் தூங்கவில்லை’, ‘பாட்டி ஊருக்குப் போய்விட்டார், அவரையே கேட்டுக்கொண்டிருக்கிறாள்’ என்று நீங்கள் சொல்லும் ஒரு வரி, அன்று முழுவதும் ஆசிரியை அவளை நடத்தும் விதத்தை மாற்றிவிடும். ஆனால் அந்த நேரத்தில் பேசக் கூடாதவையும் உண்டு. குழந்தையின் குறைகளை, அது கேட்டுக்கொண்டிருக்கும்போதே, மற்றப் பெற்றோர் வரிசையில் நிற்க, வாசலில் வைத்துப் பேசுவது தவறு. ஆசிரியை அப்படித் தொடங்கினால், தனியாகப் பேச நேரம் கேட்பது உங்கள் உரிமை. இன்னொரு குழந்தையின் பெயரைச் சொல்லி ‘அவன்தான் அடித்தான்’ என்று தெரிவிக்கும் பள்ளி, உங்கள் குழந்தையைப் பற்றியும் பிறரிடம் அப்படித்தான் பேசும்.

செயலிகளையும் டைரியையும் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு நாளில் பதினைந்து புகைப்படங்கள் வந்தால் பெற்றோருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பதினைந்தையும் எடுத்த நேரத்தில் ஆசிரியை குழந்தைகளோடு பேசவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வாரத்துக்கு ஒன்றே ஒன்றாக இருந்தாலும், கவனித்து எழுதப்பட்ட ஒரு குறிப்பையே நான் விரும்புவேன். ‘இன்று மகிழ்ச்சியாக விளையாடினாள்’ என்ற வரியை எந்தக் குழந்தைக்கும் எழுதலாம். ‘குழாய்த் தண்ணீரைக் குறுகிய வாய்ப் புட்டியில் பிடிக்க முயன்றாள், வெளியே சிந்தியதும் குழாயை மெல்லத் திருகிக் குறைத்தாள், நிரம்பியதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள், நாளை புனலும் வெவ்வேறு அளவுப் பாத்திரங்களும் வைக்கப்போகிறேன்’ என்ற குறிப்பில் குழந்தை என்ன செய்தது, அதில் என்ன புரிந்துகொண்டது, அடுத்து என்ன என்பவை மூன்றும் இருக்கின்றன. நியூசிலாந்தில் ‘கற்றல் கதைகள்’ என்ற பெயரில் இத்தகைய குறிப்புகளை எழுதும் மரபு வேரூன்றியிருக்கிறது. குழந்தைக்கும் வாசித்துக் காட்டப்படும் அந்தக் கதைகளில் குடும்பத்தினர் தங்கள் பங்கைச் சேர்ப்பதும் உண்டு. 1996-இல் வெளியான அந்நாட்டின் முன்பருவப் பாடத்திட்டம், குடும்பமும் சமூகமும் கற்றலின் பகுதி என்பதைத் தன் நான்கு கொள்கைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது.

இத்தகைய குறிப்பால் வீட்டில் கிடைக்கும் பயன் உடனடியானது. ‘இன்று பள்ளியில் என்ன செய்தாய்?’ என்று கேட்டால் மூன்று வயதுக் குழந்தை ‘விளையாடினேன்’ என்று முடித்துவிடும். நாள் முழுவதையும் திரட்டிச் சொல்ல அதற்கு இன்னும் இயலாது. ‘புட்டியில் தண்ணீர் பிடித்தாயாமே, முதலில் ஏன் சிந்தியது?’ என்று கேட்டால், கை அசைவுகளோடு ஐந்து நிமிடம் பேசும். நடந்து முடிந்ததை, உடனில்லாத ஒருவருக்குப் புரியும்படி வரிசையாகச் சொல்வது, பின்னாளில் கதை வாசித்துப் புரிந்துகொள்ளவும் எழுதவும் தேவைப்படும் திறன். அதற்கான பயிற்சி, பள்ளி வாசலிலிருந்து வீடு வரையிலான அந்தப் பேச்சிலேயே நடந்துவிடுகிறது.

எதிர்த் திசையில் செய்தி போகும்போது என்ன நிகழும் என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். மூன்று வயது நிரம்பாத ஒரு சிறுவன், வகுப்பில் எதிலும் நிலைத்து உட்காரவில்லை. புதிர்த் துண்டுகளையும் கட்டைகளையும் கிரேயான்களையும் பைகளிலும் வாளிகளிலும் அள்ளிக்கொண்டு அறையின் மறுகோடிக்குப் போய்க் கொட்டிவிட்டு, மீண்டும் அள்ளப் போவான். பொருள்களைக் கலைக்கிறான், கவனம் இல்லை என்று ஆசிரியைகள் எழுதிவைத்திருந்தார்கள். தாயோடு பேசியபோது, வீட்டிலும் கரண்டிகள் காலணிக்குள் கிடப்பதாகவும், துவைத்த துணிகளைக் கூடைக்குக் கூடை மாற்றிக்கொண்டே இருப்பதாகவும், தலையணை உறைக்குள் எதையாவது போட்டு இழுத்துக்கொண்டு நடப்பதாகவும் அவர் சொன்னார். இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்ததும் கவனமின்மை என்ற முடிவு நிற்கவில்லை. எடுத்துச் செல்வது, உள்ளே வைப்பது, நிரப்புவது, காலி செய்வது என்ற ஒரே வேலையைத்தான் அவன் இரு இடங்களிலும் சலிக்காமல் செய்துகொண்டிருந்தான். மறுவாரம் வகுப்பில் ஒரு தள்ளுவண்டியும், வெவ்வேறு அளவில் உறைகளும் பெட்டிகளும் வைக்கப்பட்டன. ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் ‘அஞ்சல்’ கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை அவனுக்குக் கிடைத்தது. எத்தனை பேர், எத்தனை உறைகள், எது எதற்குள் அடங்கும், யாருடைய படம் எந்த உறையில் ஒட்டப்பட்டிருக்கிறது என எண், அளவு, அடையாளம் மூன்றும் அந்த விளையாட்டுக்குள் வந்துவிட்டன. வீட்டில் காய்ந்த துணிகளை அவரவர் அலமாரிக்குக் கொண்டுசெல்வது அவன் பொறுப்பானது.

குழந்தைகள் திரும்பத் திரும்பச் செய்யும் இத்தகைய செயல்களை, வெற்றுக் குறும்பாகப் பார்க்காமல் அவர்கள் சிந்தனையின் கோலங்களாகப் பார்க்கலாம் என்பதை, 1970-களில் லண்டனில் கிறிஸ் ஏதி என்ற ஆய்வாளரின் தலைமையில் நடந்த, ஃபுரோபல் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தின் ஆய்வுத் திட்டம் விரிவாகக் காட்டியது. சுற்றுவது, மூடுவது, சூழ வேலி போடுவது, மேலிருந்து கீழே எறிவது, எடுத்துச் செல்வது என அவர் பலவற்றை வகைப்படுத்தினார். அந்தத் திட்டத்தில் பெற்றோர் வெறும் பார்வையாளர்களாக இருக்கவில்லை. கவனித்துச் சொல்பவர்களாகவே பங்கேற்றார்கள். 1983-இல் இங்கிலாந்தின் கோர்பி நகரில் சிறு குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்குமாகத் தொடங்கப்பட்ட பென் கிரீன் மையம் இந்த வழியை மேலும் எடுத்துச் சென்றது. அங்கே பெற்றோரும் ஆசிரியைகளும் ஒரே காணொளியைச் சேர்ந்து பார்த்து, குழந்தை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று விவாதிப்பது வழக்கமான பணிகளில் ஒன்று. பெற்றோரிடம் கேட்க வேண்டிய சிறந்த கேள்வியாக நான் கருதுவதும் இதையொட்டியதே: ‘அவள் வீட்டில் எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறாள்?’

இனி, வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் 1997-இல் தொடங்கி ஏறத்தாழ 3,000 குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வு, வீட்டிலுள்ள கற்றல் சூழலைத் தனியாக அளந்து பார்த்தது. குழந்தைக்கு வாசித்துக் காட்டுவது, பாட்டுப் பாடுவது, வரைவதும் வண்ணம் தீட்டுவதும், எழுத்துகளோடும் எண்களோடும் விளையாடுவது, நூலகத்துக்கு அழைத்துச் செல்வது, பிற குழந்தைகளோடு விளையாட வாய்ப்பளிப்பது போன்றவை அந்த அளவீட்டில் அடங்கின. பெற்றோரின் படிப்பையும் தொழிலையும் வருமானத்தையும் விட, வீட்டில் அவர்கள் குழந்தையோடு என்ன செய்கிறார்கள் என்பதே வளர்ச்சியில் மிகுந்த செல்வாக்கு உடையது என்பது அதன் முடிவுகளில் முக்கியமானது. தாங்கள் அதிகம் படிக்கவில்லையே என்று ஒதுங்கி நிற்கும் பெற்றோருக்கு இதைப் பள்ளிகள் எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்வதோடு நிறுத்தாமல், புத்தகங்களை வாரந்தோறும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதும், வகுப்பில் பாடும் பாட்டை ஒலிப்பதிவாக அனுப்புவதும் பள்ளியின் வேலை.

வாசிப்பதிலும் விதம் முக்கியம். பக்கம் பக்கமாகப் படித்து முடிப்பதை விட, படத்தைக் காட்டி ‘இவன் ஏன் ஒளிந்துகொண்டிருக்கிறான்?’ என்று கேட்டுக் காத்திருப்பதும், குழந்தை ‘பயம்’ என்று ஒரு சொல் சொன்னால் ‘ஆமாம், நாயைப் பார்த்துப் பயந்துவிட்டான்’ என்று அதை ஒரு வாக்கியமாக வளர்த்துத் திருப்பித் தருவதும் பயன் மிகுந்தவை. அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்டும் உடன் ஆய்வாளர்களும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், இம்முறையைக் கற்றுக்கொண்ட பெற்றோரின் குழந்தைகள், வழக்கம்போல வாசிக்கக் கேட்ட குழந்தைகளை விட ஒரு மாதத்திலேயே பேச்சுத்திறனில் முந்தியிருந்தார்கள். இதைப் பெற்றோர் கூட்டத்தில் விரிவுரையாகச் சொல்லிப் பயனில்லை. ஆசிரியை ஒரு புத்தகத்தோடு குழந்தைகளுக்கு நடுவே உட்கார்ந்து வாசிப்பதைப் பெற்றோர் பத்து நிமிடம் பார்த்தாலே போதும்.

எழுத்தும் எண்ணும் எப்போது என்ற கேள்வி எல்லாக் கூட்டங்களிலும் எழும். அதில்தான் பள்ளிக்கும் பெற்றோருக்கும் அதிகமாக உரசல் வரும். ஐந்து கரண்டிகளை ‘ஒன்று, இரண்டு’ என்று தொட்டு எண்ணி முடித்த மூன்று வயதுக் குழந்தையிடம் ‘மொத்தம் எத்தனை?’ என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தத்தின் அளவு என்பது அதற்கு இன்னும் விளங்கவில்லை. நூறு வரை ஒப்பிக்க வைப்பதால் இது விளங்கிவிடாது. ‘எனக்கு மூன்று கொடு’, ‘ஆளுக்கு ஒரு தட்டு வை’ என்று பொருள்களைக் கையாளும்போதுதான் விளங்கும். எழுதுவதும் அப்படியே. விரல்களுக்கும் மணிக்கட்டுக்கும் வலிமை வராத வயதில் புள்ளிகளை இணைத்து எழுத்துப் போடச் சொல்வதால் பென்சிலை இறுக்கிப் பிடிக்கும் பழக்கமும் எழுதுவதன் மேல் வெறுப்பும்தான் மிஞ்சும். களிமண் பிசைவதும், கத்தரிக்கோலால் காகிதம் வெட்டுவதும், பெரிய தாளில் கையை வீசிக் கிறுக்குவதும் அந்த வயதின் எழுத்துப் பயிற்சி. இதைப் பெற்றோருக்குக் காரணத்தோடு விளக்காமல், அவர்கள் நச்சரிப்புக்கு அஞ்சிப் பயிற்சித் தாள்களை அச்சடித்துக் கொடுத்துவிடும் பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். பெற்றோரின் விருப்பத்துக்கெல்லாம் தலையாட்டுவது இணைந்து செயல்படுவதாகாது; தொழில் அறிந்தவர் தம் நிலைப்பாட்டைப் பொறுமையாகச் சொல்வதும் அதில் அடங்கும்.

பெற்றோரிடம் ‘வீட்டிலும் பள்ளியின் மொழியிலேயே பேசுங்கள்’ என்று அறிவுரை சொல்லும் பள்ளிகளும் உள்ளன. இந்த அறிவுரையை ஏற்க வேண்டாம். பெற்றோர் தமக்கு இயல்பாக வரும் மொழியில்தான் விரிவாகவும் நுட்பமாகவும் பேச முடியும். தடுமாறும் மொழியில் பேசினால் குழந்தைக்குக் கிடைக்கும் சொற்களும் குறையும், உறவின் நெருக்கமும் குறையும். வீட்டு மொழியில் உறுதியாகக் கற்ற கருத்துகள் இரண்டாம் மொழிக்கும் உதவும். இரு மொழிச் சொற்களைக் குழந்தை ஒரே வாக்கியத்தில் கலப்பதும், புதிய மொழிச் சூழலில் சில வாரங்களோ மாதங்களோ பேசாமல் கவனித்துக்கொண்டே இருப்பதும் இயல்பானவை. நீங்கள் பள்ளிக்குச் செய்யக்கூடிய உதவி, வீட்டில் புழங்கும் முக்கியமான இருபது முப்பது சொற்களை ஆசிரியைக்குச் சொல்லித் தருவது.

நடத்தை தொடர்பான சிக்கல்களில் இரு தரப்பும் ஒரே வழியில் செல்வது மிகவும் தேவை. ஒன்று முதல் மூன்று வயதுக்குள் மற்றவரைக் கடிப்பது பல குழந்தைகளிடம் காணப்படும்; அதை வீடும் பள்ளியும் ஒரே விதமாகக் கையாள வேண்டும். கழிப்பறைப் பழக்கத்தை வீட்டில் ஒரு விதமாகவும் பள்ளியில் வேறு விதமாகவும் தொடங்கினால் குழந்தை குழம்பும். யார் தொடங்குவது, எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது, நனைந்துவிட்டால் என்ன சொல்வது என்று முன்கூட்டியே பேசி, இரண்டு வாரம் இரு இடங்களிலும் அதையே பின்பற்றினால் பெரும்பாலும் வேலை எளிதாகும். கருத்து வேறுபாடு வராது என்று சொல்ல முடியாது. பகல் தூக்கத்தால் இரவு பத்து மணி வரை குழந்தை விழித்திருக்கிறது என்பார் தாய். மதியம் தூங்காவிட்டால் நான்கு மணிக்கு அழுது தீர்க்கிறது என்பார் ஆசிரியை. இரண்டுமே உண்மை. அரை மணி நேரத்தில் மெதுவாக எழுப்பிப் பார்த்து, ஒரு வாரம் இரு பக்கமும் குறித்துவைத்து, பிறகு முடிவு செய்வது இத்தகைய வேளையில் செய்யத்தக்கது.

வளர்ச்சியில் தாமதம் இருக்குமோ என்ற ஐயம் எழும்போது இந்த உறவு உண்மையிலேயே சோதிக்கப்படுகிறது. ஆசிரியை நோயறிதல் செய்யக் கூடாது. அது அவர் வேலையல்ல. ஆனால் தாம் கண்டதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, இரு சொற்களை இணைத்துப் பேசவில்லை, விரும்பியதைச் சுட்டிக்காட்டுவதில்லை என்பதுபோல. வீட்டில் எப்படி என்று கேட்க வேண்டும். பிறகு, செவித்திறன் சோதனையிலிருந்து தொடங்கி, யாரிடம் போக வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் இரண்டு வயதிலிருந்து மூன்று வயதுக்குள் ஒருமுறை குழந்தையின் வளர்ச்சி நிலையை எழுத்தில் பெற்றோருக்குத் தருவது பள்ளிகளின் கடமை. பயம் கலந்த தயக்கத்தால் செய்தி தள்ளிப்போவதை இத்தகைய நிலையான ஏற்பாடு ஓரளவு தடுக்கிறது. இதுவரை நல்ல செய்திகளையே பேசிப் பழகிய ஆசிரியையிடமிருந்து கவலைக்குரிய செய்தி வரும்போது பெற்றோரால் அதைத் தாங்கிக்கொள்ள முடிகிறது. புகார் சொல்ல மட்டுமே கூப்பிடும் பள்ளி இதைச் சொன்னால், முதல் எதிர்வினை கோபமாகத்தான் இருக்கும்.

வேலை நேரத்தால் வர இயலாத பெற்றோரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டவரின் நிலையும் இதுவே. பெற்றோர் கூட்டத்தை வேலைநாள் முற்பகலில் வைத்துவிட்டு, வராதவர்களுக்கு அக்கறையில்லை என்று பேசுவது நியாயமல்ல. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டி நகரில் 1962 முதல் 1967 வரை நடந்த பெரி முன்பருவப் பள்ளித் திட்டம், முன்பருவக் கல்வியின் நீண்டகாலப் பயனுக்குச் சான்றாகப் பலராலும் மேற்கோள் காட்டப்படுவது. அதன் மாணவர்களை நாற்பது வயது வரை தொடர்ந்து ஆராய்ந்தார்கள். அந்தத் திட்டத்தில் காலை வகுப்புகளோடு, ஆசிரியைகள் வாரந்தோறும் ஒன்றரை மணி நேரம் ஒவ்வொரு வீட்டுக்கும் சென்றார்கள் என்பதை மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். எல்லாப் பள்ளிகளாலும் அந்த அளவுக்கு இயலாது. ஆனால் மாலையில் ஒரு தொலைபேசி உரையாடல், படிக்கத் தெரியாதவருக்குக் குரல்பதிவு, குழந்தையை அழைக்க வரும் தாத்தாவிடமும் முழுமையாகப் பேசுவது, பிரிந்து வாழும் பெற்றோர் இருவருக்கும் தனித்தனியே செய்தி அனுப்புவது, தந்தையின் எண்ணையும் கேட்டுப் பதிவு செய்வது ஆகியவற்றுக்குச் செலவு எதுவும் இல்லை.

பெற்றோரின் பங்கு இன்னும் ஒரு படி மேலே செல்லும் இடங்களும் உண்டு. இத்தாலியின் ரெஜியோ எமிலியா பகுதியிலுள்ள வில்லா செல்லா என்ற ஊரில், 1945-இல் போர் முடிந்ததும், ஜெர்மானியப் படை விட்டுச் சென்ற ஒரு பீரங்கி வண்டியையும் லாரிகளையும் குதிரைகளையும் விற்ற பணத்தில் மக்களே ஒரு பள்ளியைக் கட்டினார்கள். அதைக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போன லோரிஸ் மலகுட்சி என்ற இளம் ஆசிரியர் பின்னர் அந்நகரின் முன்பருவக் கல்விக்கே வழிகாட்டியானார். பெற்றோரும் குடிமக்களும் பள்ளி நிர்வாகத்தில் பங்குபெறுவது இன்றும் அங்கே தொடர்கிறது. எல்லோரும் பள்ளி கட்ட வேண்டியதில்லை. ஆனால் உணவு, வெளியிடம், பாதுகாப்பு, கட்டணம் போன்றவற்றில் முடிவெடுக்கும் முன் பெற்றோரைக் கேட்கும் வழக்கம் இருக்கிறதா என்று விசாரிக்கலாம்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது சுவர்ச் சித்திரங்களையும் விளையாட்டுப் பொருள்களையும் பார்த்து முடித்த பிறகு, தலைமையாசிரியையை விட்டுவிட்டு, உங்கள் மகளின் வகுப்பாசிரியையாக இருக்கப் போகிறவரிடம் பேச நேரம் கேளுங்கள். முதல் வாரத்தில் நான் எவ்வளவு நேரம் உள்ளே இருக்கலாம், அவளுக்குப் பொறுப்பானவர் யார், அவர் விடுப்பில் போனால் யார், ஒரு குழந்தையைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பு ஒன்றைப் பெயரை மறைத்துக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். கடைசியாக, சென்ற மாதத்தில் ஏதாவது ஒரு பெற்றோர் சொன்னதைக் கேட்டு வகுப்பில் நீங்கள் மாற்றிக்கொண்டது என்ன என்றும் கேளுங்கள். இதற்கு யோசிக்காமல் ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லும் ஆசிரியை கிடைத்தால், கட்டடம் பழையதாக இருந்தாலும் அங்கேயே சேர்த்துவிடலாம்.